36 வயது டிராக் ஃபிளிக்கரைக் கிளப்புக்கு எடுக்கலாமா?

கேள்வி: சென்னையில் லீக் ஆடும் சிறிய ஹாக்கி கிளப்பின் செயலாளர் நான். பெனால்டி கார்னரில் (எதிரணி தன் கோல் அருகே தவறு செய்தால் கிடைக்கும் கோல் வாய்ப்பு) நன்றாக டிராக் ஃபிளிக் (பந்தை ஸ்டிக்கால் இழுத்து வேகமாக வீசும் அடி) அடிக்கும் 36 வயது டிஃபெண்டர் ஒருவர், நிறுவன அணியிலிருந்து விலகிச் சும்மா இருக்கிறார். சீசனுக்கு 2 லட்சம், பாதி முன்பணம் என்கிறார் அவருடைய ஏஜென்ட். எங்கள் வருடச் செலவே 5 லட்சம்தான். எடுக்கலாமா?

பதில்: ஆளை எடுக்கலாம். இந்த விலைக்கும் வேண்டாம், இந்த ஏஜென்ட் வழியாகவும் வேண்டாம்.

முதலில் ஒரு தப்புக் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். ‘பெஞ்சில் உட்காரட்டும், கார்னர் கிடைத்ததும் உள்ளே அனுப்பலாம்’ என்று பல கிளப்புகள் நினைக்கின்றன. நடக்காது. நடுவர் பெனால்டி கார்னர் கொடுத்த நொடியிலிருந்து அது முடியும்வரை வெளியே இருப்பவரை இறக்கி ஃபிளிக் அடிக்கவைக்க விதியில் இடமில்லை. அதற்கு முன்பே அவர் களத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் நீங்கள் பணம் கொடுப்பது அவர் கைக்கு மட்டுமல்ல, காலுக்கும்தான்.

15 நிமிடம் வீதம் 4 குவார்ட்டர். ஃபார்வர்டை ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி இறக்கலாம். டிஃபெண்டரை அப்படி அடிக்கடி எடுத்தால் பின்வரிசை குலைந்துவிடும். 2023 ஆகஸ்ட்டில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி இறுதிப் போட்டி நினைவிருக்கும். பாதி ஆட்டத்தில் 1-3 என்று பின்தங்கிய இந்தியா, மலேசியாவை 4-3 என்று வென்றது. வெற்றி கோல் விழுந்தது 56-வது நிமிடத்தில். அந்த நேரத்தில் இருபது வயதுப் பையன் பந்தோடு ஓடிவந்தால் உங்கள் ஆள் திரும்பி ஓடுவாரா? அதைத்தான் பார்க்க வேண்டும். சனி, ஞாயிறு அடுத்தடுத்து இரண்டு பயிற்சி ஆட்டம் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைசி குவார்ட்டரை மட்டும் உட்கார்ந்து கவனியுங்கள். தசைப்பிடிப்பு, முதுகுவலி எல்லாம் அப்போது தெரிந்துவிடும். ஏஜென்ட் அனுப்பும் வீடியோவில் எதுவும் தெரியாது.

ஏஜென்ட் என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. சின்ன கிளப்புகள் இவர்களிடம் ஏமாறுவதைப் பல வருடமாகப் பார்க்கிறேன். ‘இன்னொரு டீமும் கேட்கிறது, நாளைக்குள் சொல்லுங்கள்’ என்பார்கள். உங்களிடமும் வாங்குவார்கள், வீரரிடமும் கமிஷன் பிடிப்பார்கள். வீரர் கேட்ட தொகை அவருக்கே தெரியாமல் ஏறியிருக்கும். ‘என்ஓசி (பழைய அணி தரும் தடையில்லாச் சான்று) என் பொறுப்பு’ என்று முன்பணம் வாங்கிக்கொண்டு, லீக் தொடங்கும் நாளில் போனை எடுக்க மாட்டார்கள். பழைய அணியின் என்ஓசி கடிதம் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்தக் கடிதத்துக்கான அலைச்சல்தான் இவர்களுக்குச் சோறு போடுகிறது.

‘இந்திய அணியின் ஸ்ரீஜேஷ் 36 வயதில் பாரிஸ் ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கவில்லையா?’ என்று கமிட்டியில் யாராவது கேட்பார்கள். வாங்கினார். 2024 காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராகப் பெரும்பகுதி நேரம் 10 பேரோடு ஆடி, கோல்கீப்பரை மட்டும் எதிர்த்துக் கோல் போடும் ஷூட் அவுட்டில் 4-2 என்று இந்தியா வென்றதற்கு அவரே முக்கியக் காரணம். ஆனால் அவர் கோல்கீப்பர். கோல்கீப்பருக்குக் களம் முழுக்க ஓடும் வேலையில்லை. பந்து எந்தக் கோணத்தில் வரும் என்று முன்கூட்டியே படிப்பதும், முன்னால் நிற்பவர்களைக் கத்தி நகர்த்துவதும் வயதோடு கூர்மையாகும். உங்களிடம் வந்தவர் கோல்கீப்பராக இருந்திருந்தால், முழங்காலும் இடுப்பும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எடுங்கள் என்றிருப்பேன். டிஃபெண்டருக்கு அந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

சரி, வீரரின் நம்பரை வாங்கி நீங்களே பேசுங்கள். முன்பணம் கிடையாது, ஆடும் ஆட்டத்துக்கு இவ்வளவு, வாரம் ஒருநாள் உங்கள் பையன்களுக்கு ஃபிளிக் கற்றுக்கொடுத்தால் தனியாக இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மொத்தம் 1 லட்சத்தைத் தாண்ட விடாதீர்கள். மீதியில் பையன்களுக்கு ஷூவும் ஸ்டிக்கும் வாங்க வேண்டியிருக்கிறது.