பழைய ஏபிஐயை யாருக்கும் வேலை நிற்காமல் மூடுவது எப்படி? ஆறு மாத அவகாசம் போதுமா?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது: பில்லிங் மென்பொருளில் பல வருடங்களாக ஓடும் பழைய ஏபிஐ (மற்ற மென்பொருள்கள் உங்கள் சர்வரிடம் தகவல் கேட்டு வாங்கும் வழி) ஒன்று இருக்கிறது, புதியது தயார், பழையதை மூட வேண்டும், அதை நம்பி இருக்கிறவர்களுக்கு வேலை நிற்கக் கூடாது, ஆறு மாதம் போதுமா?

அவகாசத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எத்தனை மாதம் என்று யோசிப்பதற்கு முன் எந்த மாதத்தில் மூடுகிறீர்கள் என்று யோசியுங்கள். நான் கிருஷ்ணகிரியில் எடைமேடை மென்பொருள் பார்க்கிறேன். மாங்காய் லாரி மேடையில் ஏறினால் லோடு எடை, இறக்கிவிட்டுத் திரும்பினால் காலி எடை, இரண்டையும் கழித்து ஒரு சீட்டு. அந்தச் சீட்டை மாங்கூழ் ஆலைகளின் கணக்கு மென்பொருளும் மண்டிகளின் பில் மென்பொருளும் எங்கள் சர்வரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். இங்கே மே முதல் ஜூலை வரை யாரிடமும் "அப்டேட் பண்ணுங்க" என்று வாயே திறக்க முடியாது. ராத்திரி பகல் பார்க்காமல் வண்டி வரும். நவம்பரில் ஆறு மாதக் கெடு கொடுத்தால் அது சரியாக மே மாதம் முடியும், அதாவது வருடத்திலேயே மோசமான நாளில். ஆகஸ்டில் அறிவித்து மார்ச்சில் மூடுவது என்றால் நிதானமாகச் செய்யலாம். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி மார்க்கெட்டுகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே வருடம் முழுக்க வரத்து, அதனால் மாதத்தை விட்டுவிட்டு நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். மார்க்கெட் கூடும் நேரத்தில் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் வேலை கோடு, அதாவது நிரல், எழுதுவது இல்லை. பழைய ஏபிஐயை இன்னும் யார் கூப்பிடுகிறார்கள் என்ற பட்டியல் உங்கள் கையில் இருக்கிறதா? பழைய ஏபிஐகள் பலவற்றில் எல்லோருக்கும் ஒரே பொதுவான கீ (கூப்பிடுவது யார் என்று காட்டும் அடையாளக் குறி) இருக்கும், அல்லது கீயே இருக்காது. எங்களுடையதும் அப்படித்தான். ஐபி முகவரியை வைத்துப் பிடிக்கலாம் என்றால், சிறு ஊர் பிராட்பேண்ட் இணைப்புகளில் அது மாறிக்கொண்டே இருக்கும். அதனால் மூடும் பேச்சை எடுப்பதற்கு முன், பழைய ஏபிஐயிலேயே ஆளுக்கொரு கீ கொடுத்தோம். சாகப்போகிற ஒன்றுக்கு எதற்கு இத்தனை செலவு என்று உங்கள் ஆபீசிலும் கேட்பார்கள். கீ இல்லையென்றால் யாருக்குப் போன் செய்வது என்றே தெரியாது. லாகை (வந்த கோரிக்கைகளின் பதிவை) ஒரு வாரம் மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் ரிப்போர்ட் உண்டு, வருடத்துக்கு ஒருமுறை ஆடிட்டருக்காக மட்டும் ஓடுவதும் உண்டு.

அடுத்தது, பழையதற்கும் புதியதற்கும் தனித்தனி கோடு வைத்து ஓட்டாதீர்கள். ஆரம்பத்தில் அது சுலபமாகத் தெரியும். அப்புறம் ஒரு பிழையை இரண்டு இடத்தில் திருத்த வேண்டியிருக்கும், ஒரு இடத்தை மறப்பீர்கள், இரண்டும் வேறு வேறு எடை காட்டும். உள்ளே ஒரே கோடு இருக்கட்டும். பழைய வடிவில் வரும் கோரிக்கையைப் புதிய வடிவுக்கு மாற்றி உள்ளே அனுப்பி, பதிலைப் பழைய வடிவுக்குத் திருப்பித் தரும் மெல்லிய அடுக்கு மட்டும் வாசலில் போதும். இணையவழிப் பணம் செலுத்தும் சேவை தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் இதைத்தான் பெரிய அளவில் செய்கிறது. ஒவ்வொரு வாடிக்கையாளரின் கணக்கும் ஒரு தேதியிட்ட வெர்ஷனோடு கட்டப்பட்டிருக்கும். உள்ளே எல்லாம் புதிய வடிவம். பதில் வெளியே போகும்போது, சின்னச் சின்ன மாட்யூல்கள் ஒவ்வொரு மாற்றமாகப் பின்னோக்கி அவிழ்த்து அவருடைய தேதி வரை கொண்டுபோய்விடும்.

இந்த அடுக்கில் ஒரு இடம் மட்டும் நிஜமாகவே தலைவலி. புதியதில் இருக்கும் தகவல் பழைய வடிவில் அடங்காமல் போகும். எங்கள் பழைய சீட்டில் ஒரு வண்டிக்கு ஒரே ரகம். புதியதில் ஒரே லாரியில் பெங்களூராவும் அல்போன்சாவும் வரலாம். முதல் ரகத்தை இறக்கியதும் நடுவில் ஒரு எடை போட்டு இரண்டையும் தனியாக எழுதுவோம். இப்போது பழைய ஏபிஐ அந்தச் சீட்டைக் கேட்டால் எந்த ரகத்தைச் சொல்வது? அதிக எடை உள்ள ரகத்தைப் போட்டுவிடலாம் என்று குழுவில் ஒரு யோசனை வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு ரகத்துக்கும் விலை வேறு. தப்பான ரகம் போனால் விவசாயிக்குத் தப்பான பணம் போகும், எந்தத் திரையிலும் பிழை காட்டாது. அதனால் கலப்பு லோடு வண்டிகளுக்கு மட்டும் பழைய ஏபிஐ சீட்டைத் தராமல், காரணத்தோடு பிழையைத் திருப்பியது. பழையவர்களுக்கு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகப் பொய்யான பதிலை அனுப்பக் கூடாது. இதில் ஒரு உப லாபமும் வந்தது: கலப்பு லோடு அதிகம் வாங்குகிற ஆலைகள் நாங்கள் சொல்லாமலேயே முதலில் மாறின.

ஆவணத்தில் எழுதியதை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். கூகுளில் பணிபுரிந்த ஹைரம் ரைட்டின் பெயரில் ஒரு விதி சொல்வார்கள்: பயன்படுத்துகிறவர்கள் போதிய அளவு பெருகிவிட்டால், நீங்கள் என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்பது முக்கியமில்லை, ஏபிஐயின் வெளியே தெரிகிற ஒவ்வொரு குணத்தையும் யாரோ ஒருவர் நம்பியிருப்பார். எங்கள் பழைய ஏபிஐ கடைசிச் சீட்டை முதலில் தரும். அப்படித் தருவோம் என்று எங்கும் எழுதியதில்லை. ஒரு மண்டியின் மென்பொருள் முதல் வரியைக் கடைசி வண்டி என்று எடுத்துக்கொண்டிருந்தது. இன்னொன்று பெயர்கள். பழையதில் விவசாயி பெயர் வானவில் எழுத்துருவின் குறியீட்டில் போகும், புதியதில் எல்லா மொழிக்கும் பொதுவான குறியீடான யூனிகோட். யூனிகோடைத் தமிழக அரசு 2010லேயே தரமாக அறிவித்துவிட்டது, ஆனால் சீட்டு அச்சடிக்கும் பழைய பிரிண்டர் செட்டப்புக்கு அது தெரியாதே. இரண்டையும் அந்த அடுக்கிலேயே பழையபடி வைத்தோம். இவற்றையெல்லாம் முன்கூட்டி அறிய ஒரு வழி உண்டு. நிஜக் கோரிக்கைகளின் நகலை இரண்டு பக்கமும் ஓட்டி, பதில்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த ஆவணமும் சொல்லாததை அது சொல்லும்.

புதிதாக ஒரு தகவலைச் சேர்த்தால் யாருக்கும் பாதிப்பில்லை என்பதும் பாதி உண்மைதான். கமா போட்ட வரியை இடம் பார்த்து வெட்டும் விஷுவல் பேசிக் 6 நிரல்கள் எடைமேடை அறைகளில் இன்னும் ஓடுகின்றன. நடுவில் ஒரு புதிய தகவலைச் சேர்த்தால் எடை இருக்க வேண்டிய இடத்தில் வண்டி நம்பர் வந்து உட்காரும். சேர்ப்பதைக் கடைசியில் சேருங்கள். அந்த விபி 6 கதையிலேயே நமக்கு ஒரு வழி இருக்கிறது. 1998ல் வந்த அதன் நிரல் எழுதும் கருவிக்கு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008ல் நிறுத்தியது. ஆனால் எழுதி முடித்த நிரல்கள் ஓடத் தேவையான ரன்டைமை விண்டோஸோடு தொடர்ந்து கொடுத்துவருகிறது. புதிதாக யாரும் பழைய வழியில் வர முடியாது, ஏற்கெனவே வந்தவர்கள் விழ மாட்டார்கள். நீங்களும் புதிய வாடிக்கையாளருக்குப் பழைய ஏபிஐயின் கீ கொடுப்பதை இன்றே நிறுத்திவிடலாம்.

பைதான் என்ற நிரல்மொழியின் மூன்றாம் பதிப்பான பைதான் 3 வந்த கதையும் படிக்க வேண்டியது. 2008 டிசம்பரில் வந்தது. பைதான் 2ஐ 2015ல் நிறுத்துவதாகச் சொல்லி, 2020 ஜனவரி 1க்குத் தள்ளிப்போட்டார்கள். ஒரே கோடு இரண்டிலும் ஓடும்படி எழுதுவது ஆரம்பத்தில் பெரும்பாடு. யூனிகோட் எழுத்துத் தொடருக்கு முன்னால் போடும் 'யு' எழுத்தைக்கூட முதலில் எடுத்துவிட்டார்கள். 2012ல் பைதான் 3.3ல்தான் அதைத் திரும்ப அனுமதித்தார்கள். ஒற்றை எழுத்து, ஆனால் ஒரே கோடை இரண்டிலும் ஓட்ட நினைத்தவர்களுக்கு அது பெரிய உதவி. உங்கள் ஆட்களுக்கும் பழையதும் புதியதும் ஒன்றாக ஓடும் ஒரு காலம் வேண்டும். ஒரே நாளில் எல்லாத் திரையையும் மாற்று என்றால் எவரும் தொடங்கவே மாட்டார்கள்.

அறிவிப்புக்கு முறையான வழிகள் உண்டு. ஒரு ஏபிஐ எந்தத் தேதியில் நிற்கும் என்று சொல்ல சன்செட் என்ற எச்டிடிபி தலைப்பு (சர்வரின் பதிலோடு போகும் குறிப்பு வரி) 2019ல் ஆர்எஃப்சி 8594 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வந்தது, வழக்கொழிகிறது என்று சொல்லும் டெப்ரிகேஷன் தலைப்பு 2025ல் ஆர்எஃப்சி 9745ஆக வந்தது. இரண்டையும் போடுங்கள், செலவில்லை. ஆனால் எடைமேடை அறையில் உட்கார்ந்து யாரும் எச்டிடிபி தலைப்பைப் படிப்பதில்லை. மெயிலும் அந்த மென்பொருளை எழுதிக் கொடுத்துவிட்டு எப்போதோ பெங்களூரு போய்விட்டவருக்குத்தான் போகும். போன் செய்யுங்கள்.

போனுக்கும் அசையாதவர்களுக்கு ஒத்திகை நிறுத்தம். மின்வாரியம் பராமரிப்புக்காகத் தேதி சொல்லி மின்சாரத்தை நிறுத்துவது மாதிரி, முன்பே சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் மட்டும் பழைய ஏபிஐயை நிறுத்தித் திரும்பத் திறப்பது. நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப் 2021 ஆகஸ்டில் கிட் என்ற கருவிக்கான கடவுச்சொல் நுழைவை மூடுவதற்கு முன் இப்படித்தான் இடையிடையே நிறுத்திப் பார்த்தது. யாருடைய வேலை நிற்கிறதோ அவர் உடனே கூப்பிடுவார். சீசன் இல்லாத மாதத்தில், வேலை நாளில், உங்கள் ஆட்கள் போன் எடுக்கும் நேரத்தில் செய்யுங்கள். ஞாயிறு ராத்திரி செய்தால் யாருக்கும் தெரியாது, பயனும் இல்லை.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் இந்த நிதானம் வேண்டாம். இணைப்பில் போகும் தகவலை மறைத்து அனுப்பும் டிஎல்எஸ் முறையின் பழைய பதிப்புகளான 1.0, 1.1 இரண்டையும் 2021லேயே ஆர்எஃப்சி 8996 முறையாக ஒதுக்கிவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பி கணினிக்கு டிஎல்எஸ் 1.2 தெரியாது. அந்த ஒரு கணினிக்காக சர்வரையே பலவீனமாக வைத்திருக்க முடியாது. அவர்கள் அலுவலகத்திலேயே வேறொரு புதிய கணினியில், நடுவில் நின்று பேசும் சின்ன நிரல் ஒன்றைப் போட்டுக் கொடுக்கலாம்.

மூடிய பிறகு 404 (அப்படி ஒன்று காணவில்லை) என்ற பிழைக் குறியீட்டைக் கொடுக்காதீர்கள். இணைப்புத்தான் கோளாறு என்று நினைத்து மோடத்தை அணைத்து அணைத்துப் போடுவார்கள். 410 (நிரந்தரமாக எடுத்தாகிவிட்டது) கொடுத்து, பதிலில் தமிழில் ஒரு வரியும் உங்கள் போன் நம்பரும் போடுங்கள். பழைய முகவரியை வேறு எதற்கும் திரும்பப் பயன்படுத்தவே வேண்டாம்.

கடைசியில் ஒன்றிரண்டு பேர் மிஞ்சுவார்கள். அவர்களுக்காக எல்லோரையும் நிறுத்தி வைப்பதைவிட, நீங்களே போய் மாற்றிக் கொடுப்பது மலிவு. பழைய அடுக்கைத் தொடர்ந்து ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்குத் தனிக் கட்டணம் சொல்லுங்கள், பாதிப் பேர் அந்த வாரமே மாறிவிடுவார்கள்.

உங்களுடையது பில்லிங் என்பதால் மார்ச் கடைசியையும் ஏப்ரல் தொடக்கத்தையும் விட்டுவிடுங்கள், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் 11, 20 தேதிகளை ஒட்டியும் வேண்டாம். உங்கள் பழைய ஏபிஐயில் ஆளுக்கொரு கீ இருக்கிறதா இல்லையா என்று சொல்லுங்கள், இல்லையென்றால் ஆறு மாதம் போதாது.