இசிஜி நார்மல், ஆனாலும் படபடப்பு அடிக்கடி வருகிறது. மறுபடி டாக்டரிடம் போக வேண்டுமா?

போக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். சாதாரண இசிஜி பதிவது சுமார் 10 விநாடிதான், அந்த நேரத்தில் படபடப்பு இல்லையென்றால் அதில் எதுவும் தெரியாமல் போகலாம், அதனால் நார்மல் என்று வந்ததை வைத்து இதயத்தில் கோளாறே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. 24 அல்லது 48 மணி நேரம் உடம்பில் மாட்டிக்கொண்டு நடமாடும்போதே இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்ட்டர் என்ற சின்னக் கருவி பற்றிக் கேளுங்கள். தைராய்டு, ரத்தசோகைக்கும் ரத்தம் பார்த்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு முறையும் எப்போது தொடங்கியது, சட்டென்று நின்றதா மெல்ல அடங்கியதா, நாடி சீராக ஓடியதா தாறுமாறாகவா என்று போனில் குறித்துவையுங்கள், டாக்டருக்கு இது பெரிய உதவி. "டென்ஷன்தான், கேஸ்தான்" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். படபடப்போடு மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால், தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள் என்றால், நீங்களே வண்டி ஓட்டிப் போகாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.