செயின்ட் ஆண்ட்ரூஸில் கேமராவோடு: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஜூலையில் இரண்டு நாள் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருப்போம். கதீட்ரலை எந்த நேரத்தில் எடுப்பது?

ஊர் அமைப்பு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நார்த் ஸ்ட்ரீட்டும் சவுத் ஸ்ட்ரீட்டும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடி, கதீட்ரல் அருகே நெருங்கி வருகின்றன. இடையில் மார்க்கெட் ஸ்ட்ரீட். கதீட்ரலுக்கு அப்பால் கடல்தான். தெருவில் நின்று கதீட்ரலைப் பார்த்தால் காலை வெயில் எதிரே, மாலை வெயில் முதுகில். 1158-ல் தொடங்கி, 1318-ல் மன்னர் ராபர்ட் புரூஸ் முன்னிலையில் அர்ப்பணிக்கப்பட்ட பேராலயம் அந்தக் கதீட்ரல். இன்று மிச்சம் இருப்பது கிழக்குச் சுவர், மேற்கு முகப்பில் கொஞ்சம், தெற்குச் சுவரில் ஒரு நீளம். நடுவே புல்வெளி. ஜூலையில் சூரியன் வடமேற்கில் போய் மறைய இரவு பத்தை நெருங்கிவிடும். வருஷத்தில் பெரும்பாலும் நிழலில் கிடக்கும் வடக்குப் பார்த்த சுவர்களில் அப்போது வெயில் விழும். அதைத் தவறவிடாதீர்கள். வளாகத்துக்குள் விடும் நேரம் அதற்குள் முடிந்துவிடும், வெளியிலிருந்து எடுங்கள்.

கடற்கரைப் பக்கம் போனால் லென்ஸில் உப்புத் துளி படியும். சட்டை நுனியால் துடைக்காதீர்கள்!

கேள்வி: என்ன லென்ஸ் கொண்டுவர வேண்டும்?

சந்துகளுக்கு அகலமாகப் பிடிக்கும் 24 மி.மீ., தெருவுக்கு 35. கோபுரத்தை அண்ணாந்து எடுத்தால் அது பின்னால் சாயும். செயின்ட் ரூல்ஸ் கோபுரம் 33 மீட்டர், அதன் அடியில் நின்றால் சாயாமல் என்ன செய்யும்? கேமராவை மட்டமாகப் பிடித்து, தள்ளி நின்று, கீழே வரும் வெற்றுத் தரையை வெட்டிவிடுங்கள். பிறகு மென்பொருளில் நிமிர்த்துவதைவிட இது மேல்.

கேள்வி: போன் போதுமா சார்?

போதும்.

கேள்வி: நான் பக்கத்து நகரமான டண்டீயில் படிக்கிறேன். டிசம்பரில் போனால் படம் எல்லாமே இருட்டாக வருகிறது.

ஊர் வட அட்சம் 56 பாகையில் இருக்கிறது. டிசம்பர் நடுப்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேலே பத்து பாகைதான் ஏறும். பத்து மீட்டர் உயர வீட்டின் நிழல் ஐம்பது மீட்டரைத் தாண்டும். கிழக்கு மேற்காக ஓடும் தெரு முழுக்க நிழல், எதிர்வரிசையின் மேல்மாடிக்கு மட்டும் வெயில். அந்த மாடிகளுக்கு ஒளியை அளந்து, தெருவை இருட்டாகவே விடுங்கள். மூன்றரை மணிவாக்கில் சூரியன் மறைந்ததும் கடை விளக்குகள் உங்கள் பக்கம்.

கேள்வி: நார்த் ஸ்ட்ரீட்டிலிருந்து எடுத்த படத்தில் வானம் வெளுத்திருந்தது. கதீட்ரலுக்குப் பின்னால் ஒரு அஸ்தமன வானம் சேர்த்தேன். எப்படி இருக்கிறது?

இரண்டு சூரியன் இருக்கிறது. நீங்கள் கிழக்கே பார்த்து நிற்கிறீர்கள். கல்லின் மேற்கு முகம் மஞ்சளாக மின்னுகிறது. பின்னால் கிழக்கிலும் ஒரு சூரியன் மறைகிறது. கிழக்கில் அஸ்தமனம் எந்த ஊரில்?

கேள்வி (அதே நண்பர்): பழைய போட்டோகிராபர்களும் வேறு நெகட்டிவிலிருந்து வானம் ஒட்டினார்களே?

ஒட்டினார்கள். அன்றைய ரசாயனம் நீல ஒளிக்கே அதிகம் துடித்ததால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும்; அதற்கு வைத்தியம் அது. இதே ஊரில் பிறந்த போட்டோகிராபர் ராபர்ட் ஆடம்சனும் ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில்லும் நெகட்டிவில் பென்சில் தீட்டியதும் உண்மை. காகித நெகட்டிவில் படமெடுக்கும் கலோடைப் முறையைக் கண்டுபிடித்த ஆங்கிலேயர் டால்பட்டின் 1841 காப்புரிமை ஸ்காட்லாந்தில் செல்லாது என்பதால் அது இங்கே கட்டணமில்லாமல் வளர்ந்தது. 1843-ல் ஆடம்சன் எடின்பரோவில் ஸ்டூடியோ திறந்தார். நார்த் ஸ்ட்ரீட்டின் கிழக்குக் கோடியில் மீனவப் பெண்கள் தூண்டில் கயிற்றுக்கு இரை கோர்க்கும், இவர்கள் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். அவ்வளவு நேரம் அசையாமல் இருக்கச் சொல்லி எடுத்தது. 'தற்செயல்' எதுவும் இல்லை. ஆனால் ஒளி எங்கிருந்து வருகிறது என்பதில் பொய் இல்லை. என் சண்டை அங்கேதான்.

கேள்வி (இன்னொருவர்): பார்க்கிறவருக்குத் திசையா தெரியப்போகிறது? அழகு போதாதா?

ஊர்க்காரருக்குத் தெரியும். அழகுதான் வேண்டுமென்றால் அங்கே வெளுத்த வானமே அழகு. கோடையில் கிழக்குக் காற்றோடு கடல்மூட்டம் ஏறும், அதை 'ஹார்' என்பார்கள். கோபுரத்தின் மேல்பாதியே காணாமல் போகும். அதைப் படமாக்காமல் ஆரஞ்சு வானம் வாங்கி ஒட்டுகிறோம்!

கேள்வி: நானும் வானம் மாற்றுவேன். தப்பா?

மேலே இருக்கிறது.

கேள்வி: கோட்டையின் உள்ளே என்ன எடுக்கலாம்?

1546-47 முற்றுகையில் தோண்டிய சுரங்கமும், அதை மறிக்க உள்ளிருந்தவர்கள் தோண்டிய எதிர்ச்சுரங்கமும். குனிந்து போக வேண்டும், முக்காலிக்கு இடமில்லை, ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்வு) ஏற்றி, சுவரில் சாய்ந்து எடுங்கள். வெளியே வந்ததும் கடல் காற்று. லென்ஸ், சட்டை நுனி, ஞாபகம் இருக்கட்டும்.

கேள்வி: சிவப்பு அங்கி போட்ட பல்கலைக்கழக மாணவர்களை எடுக்கலாமா?

பொது இடத்தில் சட்டம் தடுக்காது. ஞாயிறு தேவாலய வழிபாடு முடிந்து, கடலுக்குள் நீளும் பழைய துறைமுகக் கல்பாலத்தின் மேல் நடப்பது அவர்கள் மரபு. முகத்துக்கு நேரே நீட்டுவதென்றால் ஒரு வார்த்தை கேளுங்கள். பல்கலைக்கழகத் தேவாலயமான செயின்ட் சால்வேட்டர்ஸ் வாசலில் தரையில் 'பி.ஹெச்.' என்ற எழுத்துகள். 1528-ல் புராட்டஸ்டன்ட் போதகர் பேட்ரிக் ஹாமில்டனை எரித்த இடம். மிதித்தால் பரீட்சை போய்விடும் என்று மாணவர்கள் சுற்றிப் போவார்கள். அந்த விலகல்தான் படம்.

கேள்வி: ட்ரோன்?

கதீட்ரலும் கோட்டையும் பழஞ்சின்னங்களைக் காக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து வசம். அனுமதியில்லாமல் பறக்கவிடாதீர்கள்.

கேள்வி: லென்ஸ் எது வாங்கலாம் அண்ணா?

இரண்டாவது பதில்.

கேள்வி: ரயில் ஊருக்குள் போகுமா?

ஊர் நிலையத்தை 1969-லேயே மூடிவிட்டார்கள். பக்கத்து நிலையமான லூக்கார்ஸில் இறங்கி பஸ் பிடியுங்கள்.