இன்ஜினை விடுங்கள், முதல் 60 அடியைப் பாருங்கள்

கேள்வி: டாலஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறேன். என்னிடம் 1970 ஷெவ்ரோலெ ஷெவெல் எஸ்எஸ் 396 கார் இருக்கிறது. டர்போ 400 ஆட்டோமேட்டிக், பின்னால் 12 போல்ட் ஆக்சில், அதில் 3.31 கியர் விகிதம், 350 குதிரைத்திறன் இன்ஜின் கம்பெனியில் வந்தபடியே. என்னிஸில் உள்ள டெக்சஸ் மோட்டார்ப்ளெக்ஸ் டிராக் ரேஸ் களத்தில் ஓட்டியதில் கால் மைலுக்கு 14.8 விநாடி ஆனது. முடிவில் வேகம் மணிக்கு 98 மைல், முதல் 60 அடிக்கு 2.4 விநாடி. கிளம்பும்போது பின்பக்கம் தடதடவென்று குதிக்கிறது. இன்ஜினில் பெரிய கேம் ஷாஃப்ட், அலுமினிய ஹெட் போடச் சொல்கிறார்கள் நண்பர்கள். எதில் ஆரம்பிக்கலாம்? வார இறுதியில் ரோட்டிலும் ஓட்ட வேண்டும்.

பதில்: கேம் ஷாஃப்ட்டுக்கு வைத்திருக்கும் பணத்தை அப்படியே வைத்திருங்கள். களத்தில் நேரம் அச்சிட்டுத் தந்த உங்கள் டைம் ஸ்லிப்பிலேயே பதில் இருக்கிறது.

முடிவுக் கோட்டைக் கடக்கும்போது என்ன வேகம் என்பது இன்ஜினின் பலத்தைச் சொல்லும். எத்தனை விநாடி என்பது அந்தப் பலம் ரோட்டில் எவ்வளவு இறங்கியது என்று சொல்லும். ஒரு பழைய கணக்கு உண்டு: டயர் சரியாகப் பிடித்த காரில் 1,363ஐ வேகத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட விநாடி வந்துவிடும். உங்கள் 98க்கு 13.9 வர வேண்டும்; வந்தது 14.8. ஆக, 0.9 விநாடி எங்கேயோ வீணாகிறது. அது போகும் இடம் முதல் 60 அடிதான். அங்கே 0.1 விநாடி குறைந்தால் கடைசியில் 0.15 முதல் 0.2 வரை குறையும் என்பது இந்தக் களத்தில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. 2.4ஐ 2.0க்குக் கொண்டுவந்தால் இன்ஜினில் ஒரு நட்டைக்கூடத் திருகாமல் 14.1 பக்கம் வந்துவிடுவீர்கள். இப்போது இருக்கும் பிடிப்பில் பலத்தை மட்டும் கூட்டினால் புகைதான் கூடும்.

உங்கள் இன்ஜினும் சோடை இல்லை. நீங்களும் சேர்ந்து 3,950 பவுண்டு எடை என்று வைத்தால், 98 மைல் வேகத்துக்கு ஏறக்குறைய 290 குதிரைத்திறன் வேண்டும். விளம்பரத்தில் சொன்ன 350, ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் மாட்டாமல் ஸ்டாண்டில் வைத்து எடுத்த கணக்கு. பேட்ஜில் 396 என்றிருந்தாலும் 1970இல் உள்ளே இருப்பது 402 கன அங்குலம் என்பது வேறு கதை.

இப்போது அந்தக் குதியலுக்கு வருவோம். ஷெவெலின் பின் ஆக்சிலை நான்கு கண்ட்ரோல் ஆர்ம்கள் பிடித்திருக்கின்றன. கீழே இரண்டு நேராக, மேலே இரண்டு சாய்வாக. பல ஷெவெல்களில் கீழ் ஆர்ம் ஒரு பக்கம் திறந்த வெறும் தகடு. முறுக்கு விழுந்தால் வளையும். ஆர்ம் முனைகளில் இருக்கும் ஐம்பது வருட ரப்பர் புஷ்ஷும் சேர்ந்துகொண்டால் ஆக்சில் ஒரு நொடி முறுகி, விட்டு, மறுபடி முறுகுகிறது. அதுதான் உங்களுக்குக் கேட்கும் தடதட. உங்கள் கீழ் ஆர்ம்கள் திறந்த வகை என்றால் நாலு பக்கமும் மூடிய வகையாக மாற்றுங்கள். மேல் ஆர்மின் ஆக்சில் பக்க முனையை உயர்த்தும் பிராக்கெட்டுகளை நோ-ஹாப் பார் என்ற பெயரில் விற்கிறார்கள். அதைப் போட்டால் கிளம்பும்போது ஆக்சில் டயரைத் தரையில் அழுத்தும் கோணம் மாறும்; குதியல் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். ஒரு எச்சரிக்கை: எல்லா இடத்திலும் பாலியூரித்தேன் புஷ் போடுங்கள் என்பார்கள். மேல் ஆர்மில் வேண்டாம். அது சாய்வாக இருப்பதால் முறுகி அசைந்தாக வேண்டும், கெட்டிப் புஷ் போட்டால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அங்கே நல்ல ரப்பரே போதும். நீளம் மாற்றக்கூடிய மேல் ஆர்ம் வாங்கினால் பினியனின் (ஆக்சிலின் முன்பக்கச் சிறு பல்சக்கரம்) மூக்கை 2 டிகிரி போலக் கீழே இறக்கி வைக்கலாம். கிளம்பும்போது அது மேலே எழும்பி நேராகிவிடும்.

அடுத்தது வலது பின்சக்கரம். கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் பலத்தைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முறுக்கு ஆக்சிலைச் சுழற்றப் பார்க்கும். அதில் இடது டயர் தரையில் அழுந்தும், வலது டயர் லேசாகும். வலது ஸ்பிரிங்குக்குள் ஒரு காற்றுப் பை வைப்பது இதற்குப் பழைய, மலிவான வைத்தியம். இரண்டு பக்கமும் வைத்து, வலதில் 5, 6 பிஎஸ்ஐ அதிகமாக அடித்துத் தொடங்குங்கள். நண்பர் ஒருவரைப் பின்னால் நிறுத்தி மொபைலில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கார் கிளம்பும்போது பின்பம்பர் தரைக்கு மட்டமாக இருக்கிறதா, இரண்டு டயர் தடமும் ஒரே கறுப்பாக இருக்கிறதா என்று பார்த்து, அதன்படி காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். பேட்டரியை டிக்கியில் வலது பின்மூலைக்கு மாற்றினால் எடையும் அங்கே சேரும். ஆனால் மாற்றியதும் காருக்கு வெளியே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் வைப்பது விதிப்படி கட்டாயம்.

முன்பக்கம் சுருக்கமாக: பந்தயம் ஓடும் இரவில் மட்டும் ஆன்டி-ரோல் பாரின் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) ஒரு முனையைக் கழற்றிவிடுங்கள், மூக்கு சட்டென்று எழும்பும். வீட்டுக்குக் கிளம்பும் முன் மாட்ட மறக்காதீர்கள்.

டயருக்கு 275/60ஆர்15 டிராக் ரேடியல் (ரோட்டிலும் ஓட்டக்கூடிய பந்தய டயர்), 8 அங்குல அகல ரிம். உயரம் 28 அங்குலம். களத்தில் 18 பிஎஸ்ஐயில் ஆரம்பித்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒன்றிரண்டு மாற்றிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், அதையும் நோட்டில் எழுதுங்கள். கிளம்பும் கோட்டுக்கு முன்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் முன்சக்கரத்தை நனைக்காமல் சுற்றிப் போய்ப் பின்சக்கரத்தை மட்டும் நனைத்து, சிறிதாக ஒரு பர்ன்அவுட், அதாவது டயரை நின்ற இடத்தில் சுழற்றிச் சூடாக்குவது. டிராக் ரேடியலுக்கு நீளமான புகை தேவையில்லை, அது பார்வையாளர்களுக்கு.

கியரை இந்த டயரோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மைல் வேகத்தைக் கியர் விகிதத்தாலும் 336ஆலும் பெருக்கி, டயர் உயரத்தால் வகுத்தால் ஆர்பிஎம். 3.31ம் 28 அங்குல டயரும் என்றால் 98 மைலில் 3,900 போலத்தான் வரும். கன்வெர்ட்டர் (இன்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைப்பது) நழுவலுக்கு 5 சதவீதம் கூட்டினாலும் 4,100. உங்கள் இன்ஜினின் உச்ச பலமோ 5,200இல். 4.10 போட்டால் நழுவலோடு 5,060 வரும், சரி. அதற்கு 65 மைலில் 3,200 சுற்றிக்கொண்டு ஹைவேயில் போக வேண்டும். அது பிடிக்காவிட்டால் 3.73. இதில் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது: 12 போல்ட்டில் 3.31க்கும் 3.73க்கும் ஒரே கேரியர் (கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைத் தாங்கும் கூடு) போதும், 4.10க்கு வேறு கேரியர் அல்லது தடித்த கிரவுன் வேண்டும். தினமும் சாலையில் ஓட்டாத காருக்கு நான் 4.10தான் சொல்வேன்.

பிறகு கன்வெர்ட்டர். உங்கள் இன்ஜினின் உச்ச முறுக்குவிசை 3,400 ஆர்பிஎம்மில். 2,800 முதல் 3,000 வரை ஸ்டால் (பிரேக் பிடித்தபடி ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் ஏறும் ஆர்பிஎம்) உள்ளது பொருத்தம். சூடு கூடும் என்பதால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலுக்குத் தனி கூலர் வையுங்கள், டெக்சஸ் வெயிலில் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இவ்வளவும் செய்தால் 13.99க்குக் கீழே போவீர்கள். அந்த எல்லையைத் தாண்டினால் என்எச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பு) விதிப்படி ஸ்னெல் போன்ற பாதுகாப்பு முத்திரை உள்ள ஹெல்மெட் கட்டாயம். ஸ்லிக் டயர் (வரிப்பள்ளம் இல்லாத பந்தய டயர்) போட்டிருந்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்குக் காப்பு வளையமும் வேண்டும். டயர் எதுவானாலும் வளையத்தை இப்போதே போட்டுவிடுங்கள். முன் ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தும். 11.49ஐ எட்டினால் ரோல் பார் (கார் கவிழ்ந்தால் காக்கும் கம்பி), 10.99ஐ எட்டினால் சி-கிளிப் பிடித்திருக்கும் உங்கள் பழைய ஆக்சில் ஷாஃப்ட்டுகளையும் மாற்ற வேண்டும். அங்கே போக நிச்சயம் கேம் ஷாஃப்ட்டும் ஹெட்டும் தேவை. அந்தப் பணத்தை அப்போது எடுங்கள்.