எசேக்கியேல் கண்ட மகிமையின் தரிசனத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

வேதாகமத்தில் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகத்தின் முதல் அதிகாரத்தைப் பலமுறை வாசித்தும் பிடிபடவில்லை என்றும், நான்கு முகமுள்ள ஜீவன்களும் சக்கரத்துக்குள் சக்கரமும் எவற்றைக் குறிக்கின்றன என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே அதிகாரத்தோடு நானும் நெடுநாள் மல்லுக்கட்டியவன் என்பதால், எனக்கு வழி திறந்த விதத்தையே எழுதுகிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஓய்வுநாள் பள்ளியில் இந்தத் தரிசனத்தைப் படமாக வரையச் சொன்னார்கள். மனித முகத்தை முன்னாலும், சிங்கத்தை வலப்பக்கமும், எருதை இடப்பக்கமும் வரைந்துவிட்டேன். கழுகை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலைக்குப் பின்னால் ஒரு அலகை மட்டும் நீட்டிவிட்டேன். செட்டைகளின் கீழே மனுஷருடைய கைகள் இருந்தன என்ற வசனத்துக்கு வந்தபோது தாளில் இடமே இல்லை. அழித்து அழித்துத் தாள் கிழிந்ததுதான் மிச்சம். அன்று என் கை ஓடவில்லை என்று வருந்தினேன். இந்தப் பகுதி படமாக மறுக்கும்படியே எழுதப்பட்டிருக்கிறது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது.

முகங்களுக்கும் சக்கரங்களுக்கும் போகுமுன், நாம் வழக்கமாகத் தாண்டிச் செல்லும் முதல் மூன்று வசனங்களில் சற்று நிற்க வேண்டும். "முப்பதாம் வருஷம் நாலாம் மாதம் ஐந்தாந்தேதியிலே, நான் கேபார் நதியண்டையிலே சிறைப்பட்டவர்கள் நடுவில்" இருந்தேன் என்று தொடங்குகிறார் தீர்க்கதரிசி. அது யோயாக்கீன் ராஜாவின் சிறையிருப்பில் ஐந்தாம் வருஷம் என்று அடுத்த வசனம் சொல்லுகிறது. கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமை முற்றுகையிட்டு, இளம் அரசனையும் அதிகாரிகளையும் கைவினைஞர்களையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அந்தக் கணக்கின்படி இது கி.மு. 593ஆம் ஆண்டின் கோடைக்காலம். கேபார் என்பதும் கற்பனை ஆறல்ல. நிப்பூர் நகரத்து இடிபாடுகளில் 1893இல் கிடைத்த, முராஷு என்ற வணிகக் குடும்பத்தாரின் கணக்கு ஆவணங்களில் அதே பெயருடைய வாய்க்கால் வருகிறது. அந்தப் பகுதியில் நிலம் பயிரிட்டு வரி கட்டிய யூதர்களின் பெயர்களும் அவற்றில் இருக்கின்றன. எசேக்கியேலுக்கு ஒன்றரை நூற்றாண்டு பிந்திய ஆவணங்கள்தான் என்றாலும், வானம் திறந்த இடம் ஒரு பாசன வாய்க்காலின் கரை என்பதை அவை கண்முன் நிறுத்துகின்றன.

முப்பதாம் வருஷம் என்பது எதன் முப்பதாம் வருஷம் என்று சொல்லப்படவில்லை. அவருடைய வயதே அது என்று கொள்ளும் விளக்கம் பழையது. எனக்கு அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஏனெனில் எசேக்கியேல் பூசி என்னும் ஆசாரியனின் மகன். எண்ணாகமம் நாலாம் அதிகாரத்தில், ஆசரிப்புக் கூடாரத்துப் பணிவிடைக்கு வரும் லேவியருக்கு முப்பது முதல் ஐம்பது வரை என்று வயது வரம்பு விதிக்கப்பட்டிருக்கிறது. எருசலேமிலேயே இருந்திருந்தால் அந்த ஆண்டில் அவர் ஆலயத்தில் ஊழியம் தொடங்கியிருப்பார். ஆலயமோ பல நூறு மைல்களுக்கு அப்பால் இருக்கிறது. அவர் அந்நியரின் வாய்க்கால் கரையில் வேலையற்ற ஆசாரியராக நிற்கிறார். தாம் நுழைய முடியாமற்போன அந்த ஸ்தலத்தின் மகிமை வடக்கேயிருந்து புயலாகத் தம்மைத் தேடி வருவதைத்தான் அவர் காண்கிறார்.

இந்த இடத்தில் நின்று பார்த்தால் சக்கரங்களின் பொருள் எளிதாகும். அக்காலத்து நம்பிக்கையில் ஒவ்வொரு தெய்வத்துக்கும் அதற்குரிய நாடும் நகரமும் கோயிலும் உண்டு. பாபிலோனில் அந்நகரத்தின் தலைமைத் தெய்வமான மார்துக்கின் சிலையை விழாக்காலத்தில் ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். தோற்ற நாடுகளின் விக்கிரகங்களைக் கைதிகளைப் போல வாரிக்கொண்டு வருவார்கள். சாலொமோன் கட்டிய ஆலயத்திலோ, மகா பரிசுத்த ஸ்தலத்தில் கேருபீன்கள் எனப்படும் சிறகுள்ள வானவரின் உருவங்கள் இரண்டு, பத்து முழ உயரத்தில் அசையாமல் நின்றன. எசேக்கியேல் கண்ட சிங்காசனத்தின் கீழே சக்கரங்கள் இருந்தன. யாரும் தூக்கிச் சுமக்கவில்லை, யாரும் சிறைபிடித்து இழுத்துவரவில்லை. ஆவி போகவேண்டும் என்ற திசைக்கெல்லாம் அது திரும்பாமலே போயிற்று. சக்கரத்துக்குள் சக்கரம் என்பதை, இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி நின்றதாகப் பலர் விளக்குவார்கள். அப்படியானால் நான்கு திசையிலும் வளையாமல் ஓடலாம். அமைப்பு எப்படியிருந்தாலும், அந்தச் சிங்காசனம் எருசலேமில் அறைந்து வைக்கப்பட்டதல்ல என்பதையே சிறைப்பட்டவர்கள் அதில் கேட்டிருப்பார்கள்.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. பதினோராம் அதிகாரத்தில், எருசலேமில் மிஞ்சியிருந்தவர்கள் சிறைபோனவர்களைப் பற்றிப் பேசிய பேச்சு பதிவாகியிருக்கிறது: அவர்கள் கர்த்தரை விட்டுத் தூரமாய்ப் போய்விட்டவர்கள், தேசம் இனி எங்களுக்குத்தான் என்றார்களாம். நாடு கடத்தப்பட்டவன் சொத்தை எடுத்துக்கொண்டவன் பேசும் நியாயம் அது. அதற்கு மறுமொழியாக, அவர்கள் போன தேசங்களில் நானே அவர்களுக்குச் சிறிய பரிசுத்த ஸ்தலமாக இருப்பேன் என்று வாக்கு வருகிறது. அங்குள்ள எபிரெயச் சொல்லுக்குக் "கொஞ்சகாலம்" என்றும் பொருள் கொள்ளலாம். பிற்கால ரபீக்கள் பாபிலோனிலிருந்த ஜெப ஆலயங்களையே அந்தச் சிறிய ஸ்தலம் என்றார்கள். எட்டாம் அதிகாரம் முதல் பதினோராம் அதிகாரம் வரை மகிமை ஆலயத்தை விட்டு வெளியேறும் விதத்தையும் கவனியுங்கள்: கேருபீனை விட்டு வாசற்படிக்கு, அங்கிருந்து கிழக்கு வாசலுக்கு, பிறகு நகரத்துக்குக் கிழக்கேயுள்ள மலைக்கு என்று, பிரிய மனமில்லாதவர் போகப் போகத் திரும்பி நிற்பதுபோல அது விலகுகிறது. கி.மு. 586இல் ஆலயம் எரிந்தபோது, எசேக்கியேலின் பார்வையில் அது ஏற்கெனவே காலியான வீடு.

இனி "மகிமை" என்ற சொல். எபிரெயத்தில் இது காவோத். பாரம் என்ற பொருளுடைய வேரிலிருந்து வருவது. இதை விளங்கிக்கொள்ள நமக்கு வேறெங்கும் போகவேண்டியதில்லை, ஏனெனில் தமிழில் கனம் என்ற சொல்லும் இதே இரண்டு வேலையையும் செய்கிறது. மூட்டை கனமாயிருக்கிறது என்கிறோம். கனம் பொருந்தியவர் என்றும் சொல்கிறோம். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்ற கட்டளையின் எபிரெய மூலத்தில் இருப்பதும் அதே வேர்தான். நம் பழைய மொழிபெயர்ப்பில் மகிமை, கத்தோலிக்கர் கையாளும் திருவிவிலியத்தில் மாட்சி. இரண்டும் ஒளியை நினைவூட்டும் அளவுக்குப் பாரத்தை நினைவூட்டுவதில்லை. எசேக்கியேல் முகங்குப்புற விழுந்ததை வாசிக்கும்போது, ஒளி கண்ணைக் கூசியது என்பதைக் காட்டிலும் ஒரு கனம் மேலே வந்து இறங்கியது என்று எண்ணிப் பாருங்கள்; கர்த்தருடைய கரம் அவன்மேல் அமர்ந்தது என்ற மூன்றாம் வசனமும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

அந்தக் கனத்தை எழுத்தில் இறக்கும்போது அவருடைய மொழி தடுமாறுகிறது. ஜீவன்களைச் சொல்லும் இடத்தில் எபிரெய மூலத்தில் ஆண்பால் பெண்பால் விகுதிகள் ஒன்றோடொன்று கலந்துபோகின்றன. சாயல் என்று பொருள்படும் தெமூத் என்ற சொல் இந்த ஒரே அதிகாரத்தில் பத்து முறை வருகிறது. மேலே போகப்போக அது கூடிக்கொண்டே போகிறது: சிங்காசனத்தின் சாயல், அதன்மேல் மனுஷனைப்போன்ற ஒரு சாயல், முடிவில் "இதுவே கர்த்தருடைய மகிமையின் சாயலுக்குரிய தரிசனமாயிருந்தது". கர்த்தரைக் கண்டேன் என்றோ மகிமையைக் கண்டேன் என்றோ அவர் அங்கே முடிக்கவில்லை. தரிசனம், சாயல், மகிமை என்று மூன்று திரைகளைத் தொங்கவிடுகிறார். கீழே கன்றுக்குட்டியின் உள்ளங்காலைப் போன்ற பாதத்தையும் துலக்கப்பட்ட வெண்கலத்தையும் அத்தனை துல்லியமாக வருணித்தவர், நெருங்க நெருங்கத் தயங்குகிறார். நான் கிழித்த அந்தத் தாளுக்கு இதைவிட நல்ல சமாதானம் கிடைக்கவில்லை.

நான்காம் வசனத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு "சொகுசாவின் நிறம்" என்கிறது. சொகுசா என்றால் என்ன என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எவருக்கும் தெரியாது. தெரியாமலேயே பயபக்தியோடு வாசிப்பார்கள். மூலத்தில் உள்ள சொல் ஹஷ்மால். கிரேக்க மொழிபெயர்ப்பு அதை எலெக்ட்ரான் என்றது. பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகம் அல்லது அம்பர் என்று பொருள். இன்றைய எபிரெயத்தில் மின்சாரத்துக்கே அதுதான் பெயர். பண்டைய பாபிலோனில் வழங்கிய அக்காதிய மொழியின் எல்மேஷு என்ற சொல்லோடும் இதை இணைப்பார்கள். அசீரியரின் அசூர் நகரத்தில் கிடைத்த ஒரு களிமண் பலகை, பேல் என்ற பட்டப்பெயருடைய மார்துக் வானத்தில் நீலக்கல் பீடத்தில் அமர்ந்து எல்மேஷு விளக்கேற்றியிருப்பதாகச் சொல்கிறது. நீலரத்தினச் சிங்காசனமும் ஹஷ்மால் ஒளியும் அன்றைய பாபிலோனியனின் காதுக்கு அந்நியமாக ஒலித்திருக்காது. அங்கே வீற்றிருப்பவர் பேல் அல்லர் என்பதே அவனுக்குத் திடுக்கிடும் செய்தி. யூத ரபீக்களின் போதனைத் தொகுப்பான தால்முதில், இந்த ஹஷ்மாலைத் தியானித்த ஒரு சிறுவனை நெருப்பு புறப்பட்டு எரித்துவிட்டதாக ஒரு கதை உண்டு. தால்முதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவும், தானாக உணரும் ஞானியாயிருந்தாலொழிய, யூதர்கள் இரதம் என்று அழைத்த இந்தத் தரிசனத்தைத் தனியொருவனுக்கும் விளக்கக்கூடாது என்று விதித்தது. நானோ இங்கே எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

முகங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். மனிதன், காட்டு மிருகங்களில் சிங்கம், வீட்டு மிருகங்களில் எருது, பறவைகளில் கழுகு என உயிர்களின் தலைகளெல்லாம் சிங்காசனத்தைத் தாங்குவதாகச் சொல்லும் யூத விளக்கம் எனக்குப் போதும். அவற்றை நான்கு சுவிசேஷகருக்கும் பங்கிட்டது பின்னால் வந்த சபைப் பிதாக்கள். இரேனேயுவின் பங்கீடும் ஜெரோமின் பங்கீடும் ஒன்றல்ல என்பதே அது மூலத்தின் பொருளல்ல என்று காட்டும். 1970களில் இது விண்கலம் என்று நாசா பொறியாளர் ஒருவர் புத்தகமே எழுதினார். சக்கரத்தின் வட்டங்களில் நிறைந்த கண்களை அவர் எப்படிச் சமாளித்தாலும், அந்தக் கலம் ஏன் வேலையற்ற ஓர் ஆசாரியரைத் தேடி வரவேண்டும் என்பதற்கு அவரிடம் பதில் இருக்க வழியில்லை.

நாற்பதாம் அதிகாரத்தையும் கூடவே வாசியுங்கள். அது சிறையிருப்பின் இருபத்தைந்தாம் வருஷம், கி.மு. 573. முப்பதில் தொடங்கியவருக்கு அப்போது ஐம்பது வயது, ஊழியத்திலிருந்து ஓயும் வயது. அந்த ஆண்டில்தான் புதிய ஆலயம் முழம் முழமாக அளக்கப்பட்டு அவருக்குக் காட்டப்படுகிறது. நாற்பத்துமூன்றாம் அதிகாரத்தில் மகிமை போன வழியே கிழக்கிலிருந்து திரும்பி வருகிறது, கேபார் நதியண்டையிலே கண்ட தரிசனத்தைப்போலவே இருந்தது என்று அவரே குறித்துவைக்கிறார்.

முதல் தரிசனம் முடிந்ததும் அவர் என்ன செய்தார் என்பது மூன்றாம் அதிகாரத்தில் ஒரே வசனத்தில் இருக்கிறது. தெலாபீபிலே குடியிருந்த சிறைப்பட்டவர்களிடம் போய், அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து, ஏழு நாள் பிரமித்தவராய் இருந்தார். ஆரோனும் அவன் குமாரரும் ஆசாரியராகப் பிரதிஷ்டை பண்ணப்பட்டபோது கூடார வாசலை விட்டு நகராமல் இருந்ததும் ஏழு நாள்தான்.