எல்சிடி டிஸ்ப்ளேயைத் தின்னரால் துடைக்கலாமா?

கேள்வி: மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வியாபாரிகளின் மின்னணுத் தராசுகளைப் பழுதுபார்த்துத் தருகிறேன். அழுக்கேறிய ஒரு எல்சிடி டிஸ்ப்ளேயைத் தின்னர் தொட்டுத் துடைத்தேன்; வெள்ளையாகப் பூத்துவிட்டது. தகரக் கூரைப் பட்டறையில் ஜன்னலோரம் வைத்திருக்கும் புது டிஸ்ப்ளேக்களோ, இணைப்பே கொடுக்காமல் மதிய வெயிலில் கறுத்துப்போகின்றன. எப்படித் துடைப்பது, எப்படிப் பாதுகாப்பது?

பதில்: தின்னர் தொட்ட இடத்தில் கெட்டுப்போனது கண்ணாடி இல்லை. கண்ணாடியின்மேல் போலரைசர் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டிருக்கும். நம் விரலும் துணியும் படுவதெல்லாம் அதன்மேல்தான். டொலுயீன், அசிட்டோன் கலந்த தின்னர் அதை அரித்துவிடும். பூத்த பூப்பு எதனாலும் போகாது. அந்த டிஸ்ப்ளேயை மாற்றிவிடுங்கள்.

அந்தப் படலம் நகம் பட்டாலே கீறிக்கொள்ளும். ஆகவே துணியை எடுக்கும் முன் தூசியை ரப்பர் ஊதியால் ஊதிவிடுங்கள். தூசியோடு தேய்த்தால் உப்புத்தாள் போட்டதுபோல் ஆகிவிடும். பிறகு மூக்குக்கண்ணாடி துடைக்கும் மென்துணியால் அழுத்தாமல் ஒரே திசையில் துடையுங்கள். பிசுக்கு போகாவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் லேசாக நனைத்துக்கொள்ளலாம். திரையில் ஒருபோதும் ஊற்றக் கூடாது. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் வேண்டாம்.

உங்கள் ஊரில் எனக்குக் கவலை தருவது தண்ணீர். மல்லிகைக்குத் தெளித்த ஈரக் கையோடுதான் வியாபாரி தராசைத் தொடுவார். துளி அப்படியே காய்ந்தால் படலத்தில் கறை விழும்; ஓரத்தில் இறங்கினால் கண்ணாடியின் உட்புற மின்முனைகளை அரிக்கும், எண்ணின் ஒரு கோடு காணாமல் போகும். டிஸ்ப்ளேக்கு முன்னால் ஒரு அக்ரிலிக் தகடு பொருத்திக் கொடுங்கள். செலவு சொற்பம், வியாபாரிக்கு அது பெரிய உதவி.

மதியம் கறுத்தவற்றைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். எல்சிடிக்குள் ஒழுங்காக அடுக்கி நிற்கும் திரவப் படிக மூலக்கூறுகள், சூடு எல்லை தாண்டினால் கலைந்து சாதாரணத் திரவம்போல் ஆகிவிடுகின்றன. உள்ளே வரும் ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்ப அவற்றால் முடிவதில்லை; போலரைசர் அந்த ஒளியைத் தடுத்துவிடுவதால் திரை கறுக்கிறது. நிழலில் வைத்தால், ஆறியதும் திரை தெளிந்துவிடும். ஆனால் நாள்தோறும் இப்படி வெந்தால் படலம் மஞ்சளித்து உரியும். சாதாரண டிஸ்ப்ளே பெரும்பாலும் 0 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை இயங்கவும், 60 டிகிரி வரை சேமிக்கவும் செய்யப்பட்டது. சித்திரை வெயிலில் தகரத்தின்கீழ் ஜன்னலோரம் அந்த எல்லையைத் தொடுவது எளிது. அடுத்த முறை 70 டிகிரி வரை இயங்கும் அகல வெப்பநிலை ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

இருப்பில் உள்ளவற்றை நிலைமின் தடுப்புப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, வெயில் படாத சுவரோரம் இருட்டான பெட்டியில் வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்று அடுக்க வேண்டாம். முகப்பின் பாதுகாப்புத் தாளைப் பொருத்தும்வரை உரிக்காதீர்கள், உரிக்கும்போதும் மெதுவாக. சரக்கென்று இழுத்தால், மின்சாரமே இல்லாத திரையில் கோடுகள் தோன்றி மறையும். அது நிலைமின்சாரம், கட்டுப்பாட்டுச் சில்லை அது பழுதாக்கக்கூடும். கையில் எர்த் பட்டை கட்டிக்கொள்ளுங்கள், சால்டரிங் இரும்புக்கும் எர்த் இருக்கட்டும், ஒரு முனையில் மூன்று நான்கு விநாடிக்குமேல் சூடு நிற்க வேண்டாம். உலோகச் சட்டத்தின் காதுகளைத் திருகித் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும், மின்சாரம் கடத்தும் ரப்பர் பட்டை நகர்ந்தால் சரிசெய்வது பெரும்பாடு.

இணைத்ததும் பதினாறு எழுத்து, இரண்டு வரி ரகத்தில் முதல் வரி மட்டும் கறுப்புக் கட்டங்களாக நின்றால், பழுதென்று கழற்றிவிட வேண்டாம். தராசின் சர்க்யூட்டிலிருந்து தொடக்கக் கட்டளை டிஸ்ப்ளேக்குப் போய்ச் சேரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். எதுவுமே தெரியாவிட்டால் கான்ட்ராஸ்ட் திருகியை முதலில் திருகிப் பாருங்கள்.

கண்ணாடி உடைந்து திரவம் கசிந்தால் வாயிலோ கண்ணிலோ படவிடாமல், உடனே சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். உடைந்த டிஸ்ப்ளேயைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.