ஒரே மேசையில் இரண்டு டேங்க்: வாசகர் கேள்வி – பதில்

பாகங்களாக வரும் பிளாஸ்டிக் கிட் வாங்கி ராணுவ வாகன மாடல் செய்பவர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பசை, பெயின்ட் பற்றியதல்ல, கூட இருக்கும் ஆட்களைப் பற்றியது. மகளோடு, நண்பர்களோடு, அம்மாவின் எதிர்ப்போடு எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கும் அதைப் பற்றிப் பேசத்தான் ஆசை.

கேள்வி: எனக்கும் பதினொரு வயது மகளுக்கும் சேர்ந்து ஒரு டேங்க் செய்ய ஆசை. ஒரு கிட் வாங்கி வேலையைப் பிரித்துக்கொள்ளலாமா? அடிப்பகுதி எனக்கு, மேலே சுழலும் டரட் அவளுக்கு என்று யோசித்திருக்கிறேன்.

பிரிக்காதீர்கள். அதே கிட்டை இரண்டாக வாங்குங்கள், ஒரே மேசையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒன்று செய்யுங்கள். பலருக்கும் நான் சொல்லும் முதல் யோசனை இதுதான். ஒரே கிட்டைப் பிரித்தால் என்ன ஆகும் தெரியுமா? டரட் ஒரு மாலையில் முடிந்துவிடும், அடிப்பகுதிக்கு வாரக்கணக்கில் ஆகும். அவள் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள், அப்புறம் நீங்கள் கேட்கும் பாகத்தை எடுத்துக் கொடுக்கும் உதவியாளராக மாறுவாள், அடுத்த வாரம் எழுந்து போய்விடுவாள். ஆளுக்கு ஒன்று இருந்தால் உங்களுக்கு வரும் சிக்கல் அவளுக்கும் அதே இடத்தில் வரும். பல சமயம் அவள்தான் முதலில் வழி கண்டுபிடிப்பாள்.

எந்த டேங்க் என்பதை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஜெர்மனியின் டைகர் பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் ஆசை வரும், ஆனால் முதல் டைகர் வகையில் ஒரு பக்கத்துக்கு எட்டு அச்சு, அச்சுக்கு மூன்று சக்கரம், இரண்டு பக்கமும் சேர்த்து 48 சக்கரங்கள், அதுவும் ஒன்றின் இடுக்கில் ஒன்று புகுந்து நிற்கும். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் வார்ப்பின் இரண்டு பாதி சேர்ந்த கோடு மெல்லியதாக ஓடும், அதை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கே கை ஓய்ந்துவிடும். சோவியத் டி-34 எடுங்கள். பக்கத்துக்கு ஐந்தே ஐந்து பெரிய இரட்டைச் சக்கரங்கள், சாய்ந்த தட்டையான தகடுகள், வெளியே துருத்தும் சாமான்களும் குறைவு. சீக்கிரமே டேங்க் உருவம் வந்துவிடும். அந்த வயதில் அது பெரிய விஷயம்.

பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றை நிப்பரால் (சிறு வெட்டுக்குறடு) வெட்டும்போது பாகத்தை ஒட்டி வெட்ட வேண்டாம், கொஞ்சம் காம்பு விட்டு வெட்டிவிட்டு இரண்டாவது தடவை மீதியைச் சீவச் சொல்லிக்கொடுங்கள். ஒட்டி வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்துப்போய்க் குழி விழும். கூரிய கத்தியை இப்போதைக்கு உங்கள் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள், அவளுக்கு நிப்பரும் உப்புத்தாளும் போதும்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: அவள் தூங்கிய பிறகு அவள் மாடலில் கை வைக்காதீர்கள். கோணலாக ஒட்டிய விளக்கு கோணலாகவே இருக்கட்டும். மறுநாள் காலையில் அது நேராக நின்றால் குழந்தைக்குத் தெரிந்துவிடும், அந்த நிமிடத்தோடு அது அவளுடைய டேங்க் இல்லை என்று ஆகிவிடும்.

கேள்வி: நாங்கள் மூன்று நண்பர்கள். ஒருவர் 1/35, ஒருவர் 1/72, நான் 1/48 என்று ஆளுக்கொரு அளவில் தொடங்கிவிட்டோம். இதனால் பிரச்சினை வருமா?

தனித்தனியாகச் செய்ய ஒரு பிரச்சினையும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தும்போதுதான் மனசு ஒட்டாது. அமெரிக்காவின் ஷெர்மன் டேங்கை எடுத்துக்கொள்ளுங்கள், அசல் வண்டி கிட்டத்தட்ட 5.84 மீட்டர். 1/35இல், அதாவது அசலில் 35இல் ஒரு பங்கில், அது 16.7 செ.மீ., 1/48இல் 12 செ.மீ. சொச்சம், 1/72இல் 8 செ.மீ. உள்ளங்கையில் அடங்கும். பக்கத்தில் நிற்கும் வீரன் முதலாவதில் 5 செ.மீ. உயரம், கடைசியில் இரண்டரைகூட வராது.

1/72 வந்ததற்குக் கணக்கு இருக்கிறது, ஓர் அங்குலத்துக்கு ஆறு அடி. 1/35க்கு அப்படி எதுவும் கிடையாது. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்து ஓடும் ஜெர்மன் பாந்தர் டேங்க் கிட் ஒன்றைச் செய்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்று உடலை அமைத்தார்கள், பிறகு அளந்து பார்த்தால் அசலில் ஏறக்குறைய 35இல் ஒரு பங்கு. அடுத்தடுத்த கிட்களும் அதே அளவில் வர, மற்ற நிறுவனங்களும் பின்தொடர, இன்றைக்கு டேங்க் மாடலுக்கு அதிகம் கிட் கிடைப்பது அந்த அளவில்தான். வீரர்கள், பீப்பாய்கள், உடைந்த சுவர், டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை) செட் எல்லாம் அதில் ஏராளம். இடம் இருந்தால் மூன்று பேரும் 1/35க்கு வாருங்கள். வீட்டில் அலமாரி நெருக்கடி என்றால் மூவரும் 1/72. எதுவானாலும் ஒரே அளவாக இருக்கட்டும், உபரிப் பாகங்களை மாற்றிக்கொள்ள அது ஒன்றே வழி. ஒருவர் கிட்டில் மிஞ்சும் மண்வெட்டியும் எரிபொருள் கேனும் இன்னொருவர் வண்டியின் பின்பக்கம் ஏறும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் இருக்கும் சந்தோஷமே தனி.

கேள்வி: எல்லாவற்றுக்கும் சூப்பர் குளூ போதாதா?

போதாது. மாடலுக்கென்று விற்கும் தண்ணீர் மாதிரியான திரவப் பசை பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டு பாகங்களையும் ஒன்றாகவே ஆக்கிவிடும். பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இணைப்பில் பிரஷ் நுனியை வைத்தால் போதும், பசை தானாக இடுக்கில் ஓடிவிடும். சூப்பர் குளூவை உலோகத் தகடு, ரெசின் (வார்த்துச் செய்யும் பிசின்) பாகங்களுக்கு மட்டும் வையுங்கள். கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் பாகத்தின் பக்கம் அதைக் கொண்டுபோனால் வெள்ளையாகப் புகை படியும், அங்கே மரவேலைக்கான வெள்ளைப் பசை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ரெசினைத் தேய்ப்பதாக இருந்தால் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதில்லை.

கேள்வி: நானும் தம்பியும் ஆளுக்கொரு ஷெர்மன் செய்தோம். அவன் வண்டி முழுக்கத் துரு, சேறு. என்னுடையது கடையில் நிற்பதுபோல் இருக்கிறது என்கிறான். யார் செய்தது சரி?

இரண்டு வண்டியையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் சண்டையைத் தீர்க்க ஒரு கேள்வி இருக்கிறது: இந்த வண்டி எங்கே, எந்த மாதத்தில் நிற்கிறது? இதற்கு இருவரும் பதில் சொல்லிவிட்டால் பாதி வாதம் அடங்கிவிடும். 1943இன் தொடக்கத்தில் துனீசியாவில் ஓடிய வண்டி என்றால் வெளிறிய புழுதி, எண்ணெய் கசிந்த இடத்தில் அந்தப் புழுதி கருத்து ஒட்டியிருக்கும். இத்தாலியில் மழைக்காலம் என்றால் சக்கரத்தைச் சுற்றியும் அடிப்பகுதியிலும் கனமான சேறு, மேலே போகப் போகக் குறைய வேண்டும்.

துரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். பெயின்ட் அடித்துப் பயன்பாட்டில் இருக்கும் டேங்கின் கனத்த தகடு அப்படியெல்லாம் துருப்பிடித்துத் தொங்காது. அடிக்கடி சூடாகும் புகைக்குழாய் துருப்பிடிக்கும், பெயின்ட் இல்லாத டிராக்கும் மழையில் சீக்கிரம் பழுப்பேறும். மற்றபடி ஆட்கள் ஏறி இறங்கும் இடம், மூடியின் விளிம்பு, கருவிகளை உரசி எடுக்கும் இடம் இவற்றில்தான் பெயின்ட் உதிரும். பீரங்கிக் குழாய் நெடுகத் துருக் கோடு இழுத்தால் பத்து வருடம் வயலில் கைவிடப்பட்ட வண்டியாகத்தான் தெரியும்.

ஆனால் "கடையில் நிற்பதுபோல்" என்று தம்பி சொன்னதையும் கொஞ்சம் கேளுங்கள். உங்கள் வண்டியில் நிழல் இல்லை என்று அவர் சொல்கிறார், அது துரு பற்றிய பேச்சு இல்லை. இவ்வளவு சிறிய மாடலில் அறை விளக்கு விழுந்தால் மூடிக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள கோடு கண்ணுக்கே படாது. அடிப்படை நிறம் அக்ரிலிக் பெயின்ட்டில் அடித்துக் காய்ந்த பிறகு பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, டெகால் (எண்களும் சின்னங்களும் உள்ள ஒட்டுப்படம்), அதன்மேல் இன்னொரு மெல்லிய வார்னிஷ். அப்புறம் கரும்பழுப்பு எனாமல் பெயின்ட்டை எனாமல் தின்னரில் நன்றாக நீர்க்கச் செய்து, மெல்லிய பிரஷ்ஷின் நுனியில் எடுத்து ஆணித்தலையைத் தொட்டால், அதைச் சுற்றி ஒரு வளையமாகக் கரும்பழுப்பு ஓடி நிற்கும். கோட்டின் ஒரு முனையைத் தொட்டால் மறுமுனைவரை போகும். அதிகமானால் எனாமல் தின்னரில் லேசாக நனைத்த பிரஷ்ஷால் துடைத்துவிடலாம், கீழே இருக்கும் அக்ரிலிக்கை அது தொந்தரவு செய்யாது. கடைசியில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். அதெல்லாம் முடிந்த பிறகு மென்மையான பென்சில் நுனியை எடுத்து டிராக்கில் தரையைத் தொடும் மேடுகளில் மட்டும் தேய்த்துப் பாருங்கள், தேய்ந்த இரும்பின் மினுமினுப்பு அப்படியே வந்துவிடும். இதைத் தம்பிக்கும் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் எல்லா மாடலிலும் வரலாற்றுப் பிழை கண்டுபிடிக்கிறார். சொல்வது பெரும்பாலும் சரிதான், ஆனால் இரண்டு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். என்ன செய்வது?

அவரை இழக்காதீர்கள், பேசும் நேரத்தை மாற்றுங்கள். பசை போடுவதற்கு முன் சொன்னால் அது உதவி, முடிந்த மாடலைக் கையில் வைத்திருப்பவரிடம் சொன்னால் அது வலி, அவ்வளவுதான் வித்தியாசம். புதிதாகத் தொடங்கும் யாரும் எந்த வண்டி, எந்த ஆண்டு என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடட்டும், அன்றைக்கு அவர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டட்டும். காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்க ஜெர்மானியர்கள் பூசிய வரிவரியான சிம்மரிட் பூச்சை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் அது 1943 பிற்பகுதியில் தொடங்கி 1944 செப்டம்பர்வாக்கில் நின்றுவிட்டது. 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிரிட்டிஷ் படை கைப்பற்றி இப்போது இங்கிலாந்தின் பொவிங்டன் டேங்க் அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையில் வைத்திருக்கும் டைகர் 131இல் அந்தப் பூச்சு இருக்க வாய்ப்பே இல்லை. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் ஒருவருக்கு எத்தனை இரவு வேலை மிச்சம்! பெயின்ட் அடித்த பிறகு அவர் அதைச் சொல்லவே வேண்டாம், கேட்டால் மட்டும் சொல்லட்டும். விலகிய இருவரையும் நீங்களே நேரில் போய்க் கூப்பிடுங்கள்.

கேள்வி: போர் வண்டியைச் செய்து அழகு பார்ப்பது போரைக் கொண்டாடுவதுதானே என்று அம்மா கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அம்மா கேட்பது நியாயமான கேள்வி. "வெறும் பொம்மைதான்" என்று தட்டிக்கழிக்காதீர்கள், அது மனிதர்களைக் கொல்லச் செய்த இயந்திரம் என்பதை ஒப்புக்கொண்டே பேசுங்கள்.

என் கருத்தைச் சொல்கிறேன். தொடக்ககால ஷெர்மன் ஒன்றைச் செய்து பாருங்கள். டரட்டுக்குள் மூன்று பேர், மேலே வெளியேற ஒரே மூடி. தளபதி, குறிபார்ப்பவர் இருவரும் வெளியேறிய பிறகே குண்டு நிரப்புபவருக்கு வழி. அவருக்கென்று தனி மூடி பின்னால்தான் வந்தது. டி-34இன் முதல் வகைகளில் டரட்டில் இரண்டே பேர், சுற்றிப் பார்க்க வேண்டிய தளபதியே பீரங்கியையும் சுட வேண்டும். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, அந்த மூடியைக் கையில் பிடித்து ஒட்டும்போது உள்ளே இருந்த இருபது வயதுப் பையன் எப்படி வெளியே வந்திருப்பான் என்று நினைப்பு ஓடுவது வேறு. சேர்ந்து செய்யும் மேசையில் இந்தப் பேச்சு வரத்தான் செய்யும், வர வேண்டும்.

பீரங்கி இல்லாத வண்டிகளும் நிறைய இருக்கின்றன. ஜீப், ஆம்புலன்ஸ், இரண்டரை டன் ஜிஎம்சி லாரி. 1944 ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர்வரை பிரான்சில் முன்னேறிய படைக்கு எரிபொருளும் உணவும் கொண்டுபோன 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' லாரிகளை ஓட்டியவர்களில் பெரும்பாலானோர் கறுப்பின அமெரிக்க வீரர்கள். இனவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்த ராணுவத்தில் அவர்கள் செய்த வேலை அது. அந்த லாரி ஒன்றைச் செய்து அம்மாவிடம் அதன் கதையைச் சொல்லுங்கள். அம்மா அப்போதும் ஒப்புக்கொள்ளாவிட்டால் பரவாயில்லை, மாடலைக் கூடத்தில் வைக்காமல் உங்கள் அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சேர்ந்து மாடல் செய்துகொண்டிருந்த நாங்கள் நால்வரும் வேலை காரணமாக வெவ்வேறு ஊர்களுக்குப் போய்விட்டோம். இனி எப்படித் தொடர்வது?

மேசைதான் போயிருக்கிறது, பழக்கத்தை விட வேண்டியதில்லை. நால்வரும் ஒரே வகை வண்டியை ஒரே நாளில் தொடங்குங்கள். டெகால் தாளில் பொதுவாக மூன்று நான்கு வண்டிகளின் எண்கள் இருக்கும், ஆளுக்கொரு எண்ணை எடுத்துக்கொண்டால் ஒரே படைப்பிரிவின் நான்கு வண்டிகள் நான்கு ஊர்களில் உருவாகும். பாகங்களை ஒட்டி முடித்ததும் ஒரு படம், அடிப்படை நிறத்துக்குப் பிறகு ஒன்று, முடிந்ததும் ஒன்று என்று அனுப்புங்கள், அதற்கு மேல் கெடுபிடி வேண்டாம். யாராவது பின்தங்கினால் மற்றவர்கள் டிராக் இணைக்கும் வேலைக்கு முன் நிறுத்திக் காத்திருங்கள், அந்த இடத்தில்தான் நிறையப் பேர் கிட்டைப் பெட்டியில் போட்டு மூடுகிறார்கள். ஒரு மாலை நால்வரும் அழைப்பில் இருந்துகொண்டே டிராக் கண்ணிகளைக் கோத்துவிடுங்கள். அப்புறம், அடுத்த கிட் எது என்பதை இந்த வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள். முடித்த பிறகு பேசலாம் என்று விட்டால் அது மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.